ஒரு கமாண்ட் கேட்டேன்

என் முறை இன்னும் வரவில்லை, மியூட்டில் இருக்கிறேன், ரகோத்தமன் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும். நல்ல குரல் அவருக்கு, எதைச் சொன்னாலும் ஏற்கெனவே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் மாதிரி சொல்லத் தெரியும், அதனால்தான் அவர் மேனேஜர், நான் அங்கயற்கண்ணி, ஆபீசில் யாருக்கும் முழுப் பெயரும் வாயில் நுழையாததால் கண்ணி மேடம். சாப்பிட்டு முடித்த கையோடு வந்து உட்கார்ந்த மீட்டிங், ஏசி நேராக என் கழுத்தில் அடிக்கிறது, ஹெட்செட்டுக்குள் காது மட்டும் வேர்க்கிறது, கழுத்து குளிரும் காது வேர்க்கும் ஒரே ஊர் சென்னையாகத்தான் இருக்கும். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ரகோத்தமன் ஒரு கட்டம். சர்வரை நமக்கு விற்ற கம்பெனியின் ஆள் திவாகர், பெங்களூரிலிருந்து, ஒரு கட்டம். மூன்றாவது கட்டத்தில் டாக்டர் நாச்சம்மை, நம் கஸ்டமர், ரத்தப் பரிசோதனை லேப்களின் முதலாளியம்மா, பேசுகிறவரைப் பார்க்காமல் எதையோ படித்துக்கொண்டே கேட்கிறார், ஆனால் ஒரு வார்த்தை தப்பவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் டீம் பையன் சிக்கந்தருக்குக் கட்டம் இல்லை. அவனைப் பற்றித்தான் மீட்டிங், அவனைக் கூப்பிடவில்லை. இதே மாடியில், பேன்ட்ரி பக்கத்து வரிசையில், செய்ய ஒரு வேலையும் கொடுக்கப்படாமல் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு முன்னால், மீட்டிங் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பாதி எட்டிப் பார்க்கிறது, சர்வர் கம்பெனியின் இணையதளத்தில் நான் போட்ட கோரிக்கைப் பக்கம். அதன் கீழே ஒரு பட்டன். விலக்கிக்கொள்க. போட்டவர் மட்டும்தான் அதை அழுத்த முடியும். ரகோத்தமனால் முடியாது, திவாகரால் முடியாது, அந்தக் கம்பெனியின் தலைவரால்கூட முடியாதாம். நான் அழுத்த வேண்டும். அதற்காகத்தான் என்னையும் இந்த மீட்டிங்கில் வைத்திருக்கிறார்கள், என் அழகைப் பார்க்க அல்ல.

நேற்று பேன்ட்ரியில் காபி மெஷின் முன்னால் நின்று ரகோத்தமன் சொன்னார். "கண்ணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெக்வெஸ்டை வித்ட்ரா பண்ணிடுங்க. அது அங்க நிக்கறவரைக்கும் நமக்குத்தான் கெட்ட பேரு." நான் எதற்கு சார் என்றேன். தெரிந்துதான் கேட்டேன். "சப்போர்ட் உள்ள கமாண்ட் வேணும்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்போ இத்தனை வருஷமா நாம ஓட்டினது சப்போர்ட் இல்லாததுன்னு ஆயிடறதே. கஸ்டமர் அதைப் பிடிச்சிண்டா?" பிடித்துக்கொள்ளட்டும் என்று வாய் வரை வந்தது. கப்பில் காபிக்குப் பதிலாக வெந்நீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிக்கந்தருக்கு என்ன ஆகும் சார் என்று மட்டும் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "ரிப்போர்ட்ல கைத்தவறுன்னு வரும். வேற என்ன போடறது சொல்லுங்கோ. எச்.ஆர். அவனை ரிலீவ் பண்ணிடுவா. சின்ன வயசு, வெளியில வேலை கிடைச்சுடும்." கிடைத்துவிடுமாம். லேப் சர்வரைப் படுக்க வைத்தவன் என்று பின்னாலேயே பேர் போகும், எவன் கொடுப்பான் வேலை. இந்த ஊரில் சர்வர் பார்க்கிற ஆட்கள் மொத்தம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவார்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன். நான் கேட்டது ஒரு கமாண்ட். ஒரே ஒரு வரி. ஒரு பெரிய மெஷின், அதற்குள் பல சின்ன சர்வர்கள், எல்லாம் மென்பொருளால் ஆன சர்வர்கள், அவற்றுக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. இரண்டு வாசல் சர்வர்கள் இருக்கின்றன, அவை வழியாகத்தான் டிஸ்க் வரும். வாசலுக்கும் சின்ன சர்வருக்கும் நடுவே ஒரு அடாப்டர், அதுவும் வர்ச்சுவல், கையால் தொட்டுப் பார்க்கிற ஒயர் இல்லை, பிளக் இல்லை. ஒரு வாசலைப் பராமரிப்புக்காக மூட வேண்டுமென்றால், மூடுவதற்கு முன்னால் இந்தச் சின்ன சர்வரின் எந்த அடாப்டர் எந்த வாசலில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூடிய பிறகு டிஸ்க்கைக் காணோம் என்று சர்வர் அலறும். எங்கள் அபார்ட்மென்டில் மீட்டர் ரூமில் பெயர் எழுதாத ஃபியூஸ்களை வைத்துக்கொண்டு இதே கூத்துதான் நடந்தது, மோட்டாருக்கு என்று நினைத்து பிளம்பர் ஒரு ஃபியூஸைப் பிடுங்க, லிஃப்ட் நின்று, இட்லி மாவுப் பையோடு என் வீட்டுக்காரர் முரளி இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினார். வெளியே வந்ததும் அவர் மாவு பொங்கிவிட்டதா என்று பார்த்தார், நான் மார்க்கர் பேனா எடுத்துக்கொண்டு மீட்டர் ரூமுக்குப் போனேன். எதுக்கும்மா வெட்டி வேலை, எல்லாம் வாட்ச்மேனுக்குத் தெரியும் என்றார் அசோசியேஷன் தலைவர். வாட்ச்மேன் லீவு போட்டால் என்றேன். என்னைச் சண்டைக்காரி என்றார்கள். இருக்கட்டும், இன்றைக்கு அங்கே எல்லா ஃபியூஸிலும் பெயர் இருக்கிறது. இங்கே இல்லை. எது எதில் மாட்டியிருக்கிறது என்று சர்வருக்குள்ளிருந்து பார்க்க, கம்பெனி பொறுப்பேற்கிற ஒரு கமாண்ட் கிடையாது. சாமி சத்தியமாகக் கிடையாது. இத்தனை பெரிய கம்பெனி, டிஸ்க்கின் சூட்டைச் சொல்லும், விசிறி சுற்றும் வேகத்தைச் சொல்லும், இதைச் சொல்லாது.

ஆனால் எல்லோரும் பார்க்கிறோம். எப்படிப் பார்க்கிறோம், அங்கேதான் இருக்கிறது வயிற்றெரிச்சல். டீபக்கர் என்று ஒன்று உண்டு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைத் திறந்து காட்டுகிற கருவி, கம்பெனியின் சொந்த இன்ஜினியர்கள் பிழை தேடுவதற்காக வைத்தது, அதற்குள் ஒரு ரகசியச் சொல்லை அடித்தால் அடாப்டர், வாசல் எல்லாம் வரிசையாக வந்து விழும். நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு நாடி பார்க்கிற மாதிரி. அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரத்தில் பக்கத்து சீட்காரர் சாட்டில் அனுப்புவார். எனக்கு அனுப்பியது ரகோத்தமன், அப்போது அவர் மேனேஜர் இல்லை, முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு என்னோடு சர்வர் ராக்குகளுக்கு நடுவே குளிரில் நிற்பார், நல்ல இன்ஜினியர், நிஜமாகவே நல்ல இன்ஜினியர், அதை மறைத்து எனக்கென்ன லாபம். அனுப்பிவிட்டு என் மேஜைக்கு எழுந்து வந்து சொன்னார். "இதை எங்கயும் எழுதி வைக்காதீங்கோ. டாக்குமென்ட்ல போடாதீங்கோ. ஸ்கிரிப்ட்ல போடாதீங்கோ. ஆடிட்ல மாட்டிண்டா சப்போர்ட் இல்லாததை உபயோகிச்சோம்னு ஆயிடும்." அதுதான் இங்கே சம்பிரதாயம். கமாண்ட் உண்டு, கமாண்ட் இல்லை. எல்லோரும் அடிக்கலாம், யாரும் எழுதக் கூடாது. எழுதக் கூடாது என்பதால் ஒவ்வொரு தடவையும் பழைய சாட்டைத் தோண்டி, காப்பி எடுத்து, கையால் ஒட்டுவோம். ஸ்கிரிப்டாக எழுதிப் பூட்டி வைத்திருந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கை தவற இடமே இல்லை. இடமே இல்லை. கைத்தவறு என்று எழுதப் போகிறார்களாம். கையால்தான் செய்ய வேண்டும் என்று வைத்தது யாருடைய கை?

"...ஆகவே இது ஒரு தனிப்பட்ட ஊழியரின் கவனமின்மையால் நிகழ்ந்தது" என்கிறார் ரகோத்தமன், டாக்டருக்காகச் சுத்தத் தமிழில், பிரஸ்மீட் மாதிரி. சர்வர் நின்ற அன்றைக்குக் காலையில் சிக்கந்தர் ஒரு வாசலை மூட வேண்டியிருந்தது. மூடுவதற்கு முன்னால் அடாப்டர் பார்க்க வேண்டும் என்பது நம் விதி, விதி எழுத்தில் இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்பது எழுத்தில் இல்லை, ஆஹா என்ன அழகு. டீபக்கரைத் திறந்தான். சாட்டிலிருந்து அந்தச் சொல்லைக் காப்பி எடுத்தான். அதற்குள் இதே மாடியிலிருந்து யாரோ டிஸ்க் எண்களை உடனே அனுப்பு என்று அவசரப்படுத்த, எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் காப்பி எடுத்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்து ஒட்டினான். ஒட்டியது சொல் அல்ல, எண்கள். வேறு எந்த இடமாக இருந்தாலும் அப்படி ஒரு கமாண்ட் இல்லை என்று சர்வர் சொல்லியிருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்திருப்பான். டீபக்கருக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு எண்ணும் கட்டளை, உறுதியா என்று ஒரு கேள்வி கிடையாது. சர்வர் நின்றுவிட்டது. எல்லாக் கிளைகளிலும் ரிப்போர்ட் வரவில்லை. டெங்குக் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை தெரியாமல் ஆஸ்பத்திரிகள் போன் போட்டுத் திட்டின, கவுன்டரில் ஜனங்கள் சத்தம் போட்டார்கள், மதியத்துக்குள் நிமிர்த்திவிட்டோம், ஆனால் அந்தக் காலை நேரம் எனக்கு மறக்காது. சிக்கந்தர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான், மேலப்பாளையத்துக்காரன், எப்போதும் சிரித்த முகம், அன்றைக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "யக்கா, ஒட்டினதை நா பாத்தேன், ஆனா எண்டர் தட்டுன பொறவுதான் பாத்தேன். நா என்னக்கா செய்ய?" உட்காரு என்றேன். உட்காரவில்லை. அவன் மேல் எனக்கும் கோபம் வந்தது, வராமல் என்ன, ஒட்டுவதற்கு முன்னால் பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். பிறகு என் கை எத்தனை தடவை பார்க்காமல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். எத்தனையோ தடவை. என் கிளிப்போர்டில் எண்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம், அது திறமை இல்லை.

அதற்கு மறுநாள்தான் கோரிக்கையைப் போட்டேன். கம்பெனியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து கொடுங்கள் என்று எழுதலாம், மற்றவர்கள் வந்து எனக்கும் வேண்டும் என்று ஓட்டுப் போடலாம். வர்ச்சுவல் அடாப்டர்கள் எங்கே இணைந்திருக்கின்றன என்று பார்க்க சப்போர்ட் உள்ள ஒரு கமாண்ட் வேண்டும், டீபக்கரைத் திறக்காமல், என்று எழுதினேன். தாழ்மையுடன் என்று ஆரம்பித்து அதை அழித்தேன். கேட்கிற உரிமை இருக்கும்போது தாழ்மை எதற்கு. போட்ட அன்றே போலந்திலிருந்து ஒருவன் ஓட்டுப் போட்டான், நாங்களும் பயந்து பயந்துதான் அடிக்கிறோம் என்று எழுதினான். பிறகு பிரேசில், பிறகு ஜப்பானிலிருந்து ஒரு அம்மா. முகம் தெரியாது, பாஷை தெரியாது, ஆனால் உலகம் முழுக்க அந்த ரகசியச் சொல்லை யாரோ பக்கத்து சீட்காரருக்கு அனுப்பி எழுதி வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு கம்பெனியின் பதில். மாற்றுவழி ஏற்கெனவே உள்ளது. அந்த வரியில்தான் மனசு போய்ப் போய் மாட்டுகிறது, தூங்கினாலும் அதே, பல் தேய்த்தாலும் அதே. மாற்றுவழி ஏற்கெனவே உள்ளது. எந்த வழி? டீபக்கர். கேட்டால் அது இருக்கிறதே என்கிறார்கள், சர்வர் நின்றால் அதை ஏன் தொட்டாய் என்கிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எப்படி முடிகிறது.

பயம் இல்லையா என்றால் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண் இந்தத் தொழிலில் நின்றுகொண்டிருப்பதே அவர்களுக்கு ஆச்சரியம். போன வருஷம் என்னோடு வேலை பார்த்த பார்கவியை மெதுவாக ஒதுக்கினார்கள், முதலில் மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை, பிறகு ஒரு நாள் அவள் சீட்டில் வேறு யாரோ லஞ்ச் பையை வைத்திருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒத்துப்போகாதவர் என்று எங்கேயாவது எழுதுவார்கள். முரளி காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னார். "அழுத்திட்டு வந்துரேன்டி. ஒரு பட்டன்தானே." ஒரு பட்டன்தான். அழுத்தினால் கோரிக்கை போய்விடும், சப்போர்ட் உள்ள வழி எதுவும் இல்லை என்று சொல்கிற ஒரே சாட்சி போய்விடும், மிச்சம் இருப்பது சிக்கந்தரின் கை மட்டும். சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சுக்குள் நிற்கிறது. அழுத்த மாட்டேன். அழுத்தினால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது என்பதற்காக அல்ல, எனக்கு எப்படியும் தூக்கம் வரும், நான் அப்படிப்பட்டவள். அழுத்த மாட்டேன், ஏனென்றால் நான் கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்டதை நான் ஏன் திரும்ப வாங்க வேண்டும்.

"கண்ணி மேடம் லைன்ல இருக்காங்க" என்கிறார் ரகோத்தமன். "ஒரு ரெக்வெஸ்ட் போட்டிருந்தாங்க, இப்போ வெண்டாரே மாற்றுவழி இருக்குன்னு தெளிவுபடுத்திட்டதால அதை வித்ட்ரா பண்றாங்க. கண்ணி, நீங்களே சொல்லிடுங்க." எத்தனை அழகாகத் தள்ளிவிடுகிறார், கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் விழுந்திருக்க வேண்டும். டாக்டர் நாச்சம்மை முதல் தடவையாக நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். மியூட்டை எடுக்கிறேன். என் குரல் எனக்கே கட்டையாகக் கேட்கிறது.

"டாக்டர், உங்க சர்வர் இப்போ ஓடிட்டு இருக்கு. திவாகர், மாற்றுவழி இருக்குன்னு நீங்க எழுதியிருக்கீங்க. நல்லது, எங்க டீம் தினமும் அதைத்தான் அடிக்குது. இப்போ எல்லாரும் இருக்கோம். நான் ஸ்க்ரீன் ஷேர் பண்றேன், டீபக்கரைத் திறந்து தர்றேன். நீங்களே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. லைவ்ல."

திவாகர் தொண்டையைச் செருமுகிறார், அவரும் பாவம், யாரோ எழுதிய வரிக்கு இவர் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். "மேடம், அது... ஓடிட்டு இருக்கிற சர்வர்ல அதை நாங்க ரெகமெண்ட் பண்றதில்ல. எங்க கைடன்ஸ் இல்லாம..."

"இப்போ நீங்கதானே கைடன்ஸ்."

"இல்ல மேடம், எனக்கு அந்த அதாரிட்டி இல்ல."

"கண்ணி, இதை நாம தனியா பேசிக்கலாம்" என்கிறார் ரகோத்தமன், குரலில் ஒரு கரகரப்பு. டாக்டர் கையைத் தூக்குகிறார், கிளாசில் சத்தம் போடுகிற பிள்ளைகளை அமர்த்துகிற மாதிரி.

"இருங்க. எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் தெரியாது. அவர் அடிக்க மாட்டேங்கிறார், சரி. ரகோத்தமன், உங்க டீம் தினமும் அடிக்கிறதுதானே. நீங்க அடிச்சுக் காட்டுங்களேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அழுத்தமாகப் பார்க்கிறேன். மனுஷன் பொய் சொல்வார், சமாளிப்பார், இன்று நேரம் இல்லை என்பார், பாலிசி என்பார், எல்லாம் எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொள்கிறார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது, ராக்குகளுக்கு நடுவே நிற்பாரே, அந்த இன்ஜினியர் முகம். என் மேல் இருக்கிற கோபம் அதில் தெரிகிறது. கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் ஓடுகிறது, அந்த டீபக்கரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார், அது எனக்கும் தெரியும். பேசுங்கள் சார். எதையாவது சொல்லுங்கள். பொய்யாவது சொல்லுங்கள்.

"இல்ல டாக்டர்" என்கிறார். "லைவ் சர்வர்ல நான் அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"ரிஸ்க்."

இனி என் சீட்டில் யார் லஞ்ச் பையை வைத்தாலும் வைக்கட்டும்.

"சிக்கந்தர் அடிச்சான் சார்" என்கிறேன். "நாமதான் அடிக்கச் சொன்னோம்."